கம்பித் தாயும் துணித் தாயும்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டின் பார்மா நகரைச் சேர்ந்த சலிம்பேனே என்னும் பிரான்சிஸ்கன் துறவி, தம் காலத்து நிகழ்ச்சிகளை ஒரு வரலாற்றுக் குறிப்பேடாக எழுதி வைத்தார். பேரரசர் இரண்டாம் பிரடெரிக் செய்ததாக அதில் அவர் கூறும் சோதனை ஒன்று இன்றும் நம் நெஞ்சை உறுத்துகிறது. மனிதனின் இயற்கை மொழி எது என்று அறிய விரும்பிய பேரரசர், சில பச்சிளங்குழந்தைகளைச் செவிலியரிடம் ஒப்படைத்தாராம். பால் கொடுக்கலாம், குளிப்பாட்டலாம்; ஆனால் பேசக் கூடாது, கொஞ்சக் கூடாது என்பது அவர் இட்ட கட்டளை. யாரிடமும் எந்த மொழியும் கேளாமல் வளரும் குழந்தை எபிரேயம் பேசுமா, கிரேக்கம் பேசுமா, இலத்தீன் பேசுமா, அரபு பேசுமா, அன்றிப் பெற்றோரின் மொழியையே பேசுமா என்று பார்க்க அவர் காத்திருந்தார். எந்தக் குழந்தையும் எந்த மொழியும் பேசவில்லை. எல்லாக் குழந்தைகளும் இறந்து போயின என்று எழுதுகிறார் சலிம்பேனே. கைதட்டலும் சிரித்த முகமும் கொஞ்சுமொழியும் இல்லாமல் அவற்றால் வாழ முடியவில்லை என்பது அவர் தரும் விளக்கம்.

சலிம்பேனே பேரரசரை வெறுத்தவர். ஆகவே வரலாற்றறிஞர்கள் இக்கதையை ஐயத்துடனேயே நோக்குகின்றனர். எனினும், பால் மட்டும் கொண்டு ஓர் உயிர் வளராது என்னும் எண்ணம் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு துறவியின் எழுதுகோலில் பிறந்துவிட்டது என்பதை இக்கதை காட்டுகிறது. அந்த எண்ணம் அறிவியலின் அவையில் மெய்ப்பிக்கப்பட இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மெய்ப்பித்தவை வாயில்லாச் சீவன்கள். அதற்காக அவை கொடுத்த விலையும் பெரிது.

முத்தமிடாதீர்கள்!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைநாட்டு மருத்துவமனைகளும் குழந்தை இல்லங்களும் நோய்த்தொற்றுக்கு அஞ்சி வாழ்ந்தன. தொட்டால் நோய் தொற்றும் என்பதால் குழந்தைகளைத் தொடுவது குறைக்கப்பட்டது. மருத்துவமனையில் கிடந்த குழந்தையைப் பெற்றோர் வந்து பார்ப்பதற்கும் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. இந்த அச்சத்திற்கு உளவியலும் துணை நின்றது. அமெரிக்க உளவியலறிஞர் ஜான் வாட்சன் 1928-ஆம் ஆண்டில் குழந்தை வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தாயன்பு மிகுந்தால் ஆபத்து என்று எச்சரிப்பதற்காகவே அதில் ஓர் இயலை ஒதுக்கினார். குழந்தையை அணைக்காதீர்கள், முத்தமிடாதீர்கள், காலையில் கைகுலுக்கினால் போதும் என்பது அவருடைய அறிவுரை.

இந்த அறிவுரைக்கு அடித்தளமாக ஒரு கொள்கை இருந்தது. குழந்தை தாயை ஏன் நாடுகிறது? தாய் பால் தருகிறாள், பசி தீர்கிறது, பசி தீர்க்கும் பொருளோடு தாயின் முகமும் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. அன்பு என்பது பசியின் நிழலே என்பதுதான் அக்கொள்கை. நடத்தையியலார் இதனை உறுதியாக நம்பினர். அவர்களோடு பல வகையில் முரண்பட்ட உளப்பகுப்பாய்வாளர்களுள் பலரும் இந்த ஒரு செய்தியில் ஏறக்குறைய உடன்பட்டிருந்தனர்.

இக்கொள்கையை முதலில் அசைத்தவர்களுள் ஒருவர் வியன்னாவில் பிறந்த ரெனே ஸ்பிட்ஸ் என்னும் மருத்துவர். 1945, 1946-ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட கட்டுரைகள் இரண்டு இடங்களை ஒப்பிட்டன. ஒன்று, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம். தூய்மையானது, நல்ல உணவும் மருத்துவமும் உடையது. ஆனால் ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு செவிலி. கட்டில்களின் ஓரங்களில் விரிப்புகள் தொங்கவிடப்பட்டிருந்ததால் குழந்தைகள் ஒருவரையொருவர் பார்க்கவும் இயலவில்லை. மற்றொன்று, பெண்கள் சிறையைச் சேர்ந்த குழந்தைகள் பகுதி. அங்கே தண்டனை பெற்ற தாய்மாரே தம் குழந்தைகளைப் பேணினர். இரண்டு ஆண்டுகளில் முதல் இல்லத்தின் 91 குழந்தைகளுள் 34 குழந்தைகள் இறந்துவிட்டன. சிறையிலோ ஒரு குழந்தையும் இறக்கவில்லை.

எனினும் எதிர்ப்பாளர்கள் வாயடைத்துப் போகவில்லை. இறந்தவை பிறவியிலேயே நலிந்த குழந்தைகளாக இருக்கலாம், நோய் பரவியிருக்கலாம், தாயின் பிரிவுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது என்று அவர்கள் கேட்டனர். நியாயமான கேள்விதான். மனிதக் குழந்தையைத் தாயிடமிருந்து வேண்டுமென்றே பிரித்து வளர்த்து விடை தேட எந்த மனச்சான்றும் இடம் தராது. ஆகவே அக்கேள்வி குரங்குகளிடம் சென்றது.

மேடிசன் நகரத்துக் குரங்குகள்

1930-ஆம் ஆண்டு, ஹாரி ஹார்லோ என்னும் இளைஞர் அமெரிக்காவின் மேடிசன் நகரில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆசிரியராகச் சேர்ந்தார். எலிகளை ஆராய வந்தவருக்கு அங்கே எலிக்கூடம் இல்லை. இருந்த கட்டடமும் இடிக்கப்பட்டுவிட்டது. வேறு வழியின்றி ஊரின் விலங்குக் காட்சிச்சாலைக்குச் சென்று குரங்குகளின் அறிவாற்றலைச் சோதிக்கத் தொடங்கினார். அந்தத் தற்செயல் நிகழ்ச்சியே அவர் வாழ்வின் திசையை முடிவு செய்தது.

பின்னர் அவருடைய ஆய்வகத்தில் வாழ்ந்தவை ரீசஸ் இனக் குரங்குகள். வட இந்தியாவின் கோயில்களிலும் இரயில் நிலையங்களிலும் நாம் காணும் அதே சிவந்த முகக் குரங்குகள்தாம். அக்காலத்தில் இந்தியாவிலிருந்து இவை பெருந்தொகையாக ஏற்றுமதியாயின. நெடும்பயணத்தில் நோயுற்று வந்த குரங்குகளால் ஆய்வு தடைப்பட்டதால், 1950-களின் நடுவில் ஹார்லோ தம் ஆய்வகத்திலேயே குட்டிகளைப் பெருக்க முற்பட்டார். நோய் பரவாமலிருக்கப் பிறந்த சில மணி நேரத்திலேயே குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துத் தனித்தனிக் கூண்டுகளில் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார். இவ்வாறு 60-க்கு மேற்பட்ட குட்டிகள் வளர்ந்தன. தாய்ப்பால் குடித்த குட்டிகளைவிட அவை எடை கூடியிருந்தன, நோயும் குறைவு.

ஆனால் வளர்த்தவர்கள் ஒன்றைக் கவனித்தனர். கூண்டின் தரையில் விரித்திருந்த துணியைக் குட்டிகள் இறுகப் பற்றிக்கொண்டிருந்தன. துப்புரவு செய்ய அத்துணியை எடுத்தால் அலறின. பால் தராத துணியின்மேல் இத்தனை பற்று எதற்கு? இக்கேள்வியே ஹார்லோவின் புகழ்பெற்ற ஆய்வுக்கு வித்தாயிற்று.

அவர் இரண்டு பொம்மைத் தாய்களைச் செய்தார். ஒன்று வெறும் கம்பி வலையால் ஆனது. மற்றொன்று மரக்கட்டையின்மேல் நுரை ரப்பரைப் பொதிந்து, பூத்துவாலைத் துணியால் போர்த்தப்பட்டது. எட்டுக் குட்டிகளுக்கும் இரண்டு தாய்களையும் கொடுத்தார். நான்கு குட்டிகளுக்குக் கம்பித் தாயின் மார்பில் பால் புட்டி. மற்ற நான்கிற்குத் துணித் தாயின் மார்பில். அன்பு என்பது பசியின் நிழல் என்றால், குட்டி பால் தரும் தாயிடமே ஒட்ட வேண்டும் அல்லவா?

நடந்தது வேறு. எட்டுக் குட்டிகளும் நாளின் பெரும்பகுதியைத் துணித் தாயின்மேல் கழித்தன. கம்பித் தாயிடம் பால் பெற்றவையும் பசித்தபோது மட்டும் அங்கே சென்று குடித்துவிட்டு, துணித் தாயிடமே திரும்பின. பறை கொட்டியபடி நகரும் ஒரு கரடிப் பொம்மையைக் கூண்டிற்குள் விட்டபோது, அஞ்சிய குட்டி ஓடிச்சென்று துணித் தாயைக் கட்டிக்கொண்டது. பின்பு அச்சம் தணிந்து, தாயின் மடியிலிருந்தபடியே பொம்மையைத் திரும்பிப் பார்த்தது. புதிய அறை ஒன்றில் துணித் தாய் இருந்தபோது துணிந்து விளையாடிய குட்டி, தாய் இல்லாதபோது தரையில் சுருண்டு, தன்னைத்தானே கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது.

1958-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைவராக வாஷிங்டனில் ஆற்றிய உரையில் ஹார்லோ இம்முடிவுகளை வெளியிட்டார். அன்பு என்னும் சொல்லை உச்சரிக்கவே கூசிய ஓர் அறிவுத்துறையின் முன்னே, அன்பின் இயல்பு என்பதையே உரையின் தலைப்பாக வைத்தார். முத்தமிடாதீர்கள் என்று கற்பித்தவர்களுக்கு ஒரு குரங்குக் குட்டி விடை கூறிவிட்டது.

துணித் தாயும் தோற்றாள்

இவ்வரலாற்றைக் கூறும் பலர் இங்கேயே நிறுத்திவிடுகின்றனர். உண்மையான பாடமோ இனிமேல்தான் தொடங்குகிறது.

துணித் தாயிடம் வளர்ந்த குட்டிகள் நலமாகவே தோன்றின. அவை பருவம் எய்தியபோதுதான் குறை வெளிப்பட்டது. மற்றக் குரங்குகளோடு சேர்த்தபோது அவற்றுக்குப் பழகத் தெரியவில்லை. எப்போது பணிவது, எப்போது எதிர்ப்பது, விளையாட்டாகக் கடிப்பது எது, பகைத்துக் கடிப்பது எது என்று அறியாமல், சில மூலையில் ஒடுங்கின. சில தம்மினும் வலியவற்றின்மேல் கண்மூடிப் பாய்ந்தன. இனச்சேர்க்கையும் அவற்றுக்கு இயலவில்லை. மென்மையான துணி அச்சத்தைப் போக்கியது உண்மை. ஆனால் அது குட்டியைத் திருப்பி அணைக்கவில்லை, தவறு செய்தால் தட்டவில்லை, எழுந்து நடக்கவுமில்லை. உறவு என்பது இரு புறமும் நடக்கும் கொடுக்கல் வாங்கல் என்பதை அசையாத பொம்மையால் கற்றுக்கொடுக்க முடியவில்லை.

துணித் தாயிடம் வளர்ந்தாலும் நாள்தோறும் இருபது நிமிடம் மற்றக் குட்டிகளோடு விளையாட விடப்பட்டவை ஏறத்தாழ இயல்பாகவே வளர்ந்தன. குட்டிகளின் விளையாட்டு, பொழுதுபோக்கு அன்று. சமூக வாழ்வுக்கு அதுவே பள்ளிக்கூடம் என்பது இதனால் தெளிவாயிற்று.

1965-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இன்னும் கடுமையானது. பிறந்தது முதல் எவ்வுயிரையும் காணாமல் முழுத் தனிமையில் குட்டிகள் வளர்க்கப்பட்டன. மூன்று மாதம் தனித்திருந்தவை வெளியே வந்ததும் அதிர்ச்சியில் உறைந்தன. அவற்றுள் ஒன்று உண்ண மறுத்து இறந்தது. மற்றவை நாளடைவில் தேறின. ஆறு மாதம் தனித்திருந்தவை பெரிதும் சிதைந்திருந்தன. பன்னிரண்டு மாதம் தனித்திருந்தவற்றிடம் சமூக உணர்வே ஏறத்தாழ அழிந்துவிட்டது.

இவ்வாறு தாயின்றி வளர்ந்த பெண்குரங்குகள் சில பின்னாளில் தாயாயின. அந்தக் காட்சிதான் மிகக் கொடியது. சில தாய்கள் தம் குட்டியை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. முதுகில் ஏறிய குட்டியைப் பூச்சியைத் தட்டிவிடுவதுபோல் தட்டிவிட்டன. வேறு சில, குட்டியைத் தரையில் தேய்த்தன, கடித்தன, கொன்றும் போட்டன. பெறாத ஒன்றைக் கொடுக்க அவற்றால் இயலவில்லை.

ஆயினும் அங்கே ஒன்று நடந்தது. அடித்து விலக்கப்பட்ட குட்டிகள் மீண்டும் மீண்டும் தாயிடமே தவழ்ந்து வந்தன. நாள்கணக்கில், வாரக்கணக்கில் விடாமல் வந்தன. சில தாய்கள் இறுதியில் சோர்ந்து விட்டுக்கொடுத்தன. அத்தகைய தாய்களுள் சில இரண்டாம் குட்டி பிறந்தபோது அதனை முறையாகப் பேணின. தாய்மையைத் தாய்க்குக் குட்டியே கற்றுக்கொடுத்தது எனலாம்.

தொட்டில் பழக்கம் எதுவரை?

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது நம் பழமொழி. இதுவரை கண்ட செய்திகள் எல்லாம் அப்பழமொழிக்குச் சான்று பகர்வன போலவே தோன்றும். சிதைந்த குரங்குகளை மீட்க முடியாது என்று ஹார்லோவின் குழுவினரும் முதலில் கருதினர். மெல்ல மெல்லப் பழக்கிப் பார்த்தனர். வயதொத்த குரங்குகளுடன் சேர்த்துப் பார்த்தனர். வயதொத்தவை தாக்கின, தனிமையில் வளர்ந்தவை மேலும் ஒடுங்கின.

ஹார்லோவின் மாணவர் ஸ்டீபன் சூமி வேறொரு வழியை முயன்றார். இதன் முடிவு 1972-இல் வெளியாயிற்று. ஆறு மாதம் தனிமையில் வாடிய நான்கு ஆண் குட்டிகளுடன், இயல்பாக வளர்ந்த, மூன்றே மாதமான பெண் குட்டிகளைச் சேர்த்துவிட்டார். அந்தச் சின்னஞ்சிறு குட்டிகளுக்குத் தாக்கத் தெரியாது, கட்டிக்கொள்ளத்தான் தெரியும். மூலையில் ஒடுங்கி ஆடிக்கொண்டிருந்த பெரிய குட்டிகளிடம் அவை நேரே சென்று ஒட்டிக்கொண்டன. சில வாரங்களில் பெரியவையும் திருப்பி அணைத்தன. அதன்பின் இரண்டும் விளையாடத் தொடங்கின. ஓராண்டு வயதாகும்போது, தனிமையில் வளர்ந்தவற்றை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்திக் காண்பதே கடினமாயிற்று. 1975-இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஓராண்டு முழுவதும் தனித்திருந்த குட்டிகளும் இவ்வழியில் தேற முடியும் என்று காட்டியது.

மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை. தன்னைவிட இளைய, தனக்கு அச்சம் தராத ஓர் உயிர் வந்து விடாமல் அருகில் இருந்தது, அவ்வளவுதான்.

ஆண்யானைகள் இல்லாத காடு

இது கூண்டிற்குள் நடந்த கதை, காட்டிற்குப் பொருந்துமா என்று கேட்கலாம். தென்னாப்பிரிக்காவில் திட்டமிடாமலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்கு விடையளிக்கிறது.

அந்நாட்டின் குரூகர் தேசியப் பூங்காவில் யானைகளின் தொகையைக் கட்டுப்படுத்த 1967 முதல் 1994 வரை கூட்டம் கூட்டமாக அவை சுடப்பட்டன. பெரிய யானைகள் கொல்லப்பட, உயிரோடு விடப்பட்ட கன்றுகள் வேறு காடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டன. முழு வளர்ச்சியடைந்த யானைகளை ஏற்றிச் செல்லும் வசதி அப்போது இல்லை. 1979-இல் உருவான பிலான்ஸ்பர்க் பூங்காவிற்கும் இத்தகைய அனாதைக் கன்றுகள் 1980-களில் வந்தன. அங்கே தீனிக்கும் நீருக்கும் குறைவில்லை. கன்றுகள் நன்றாக வளர்ந்தன.

1992 முதல் 1997 வரையில் அப்பூங்காவில் 40-க்கு மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்கள் கொல்லப்பட்டன. கொன்றவை வேட்டைக்காரர்கள் அல்லர்; அந்த அனாதைக் கன்றுகளுள் ஆணாக வளர்ந்த இளம் யானைகள். ஆராய்ந்தபோது காரணம் வெளிப்பட்டது. ஆண்யானைக்கு வழக்கமாக இருபத்தைந்து வயதிற்கு மேல்தான் முறையாக மதம் பிடிக்கும். மூத்த ஆண்யானையின் முன்னிலையில் இளையவற்றின் மதம் அடங்கிவிடும். பிலான்ஸ்பர்க்கில் மூத்தவை இல்லாததால், பதினெட்டு வயதளவிலேயே மதம் பிடித்து, அது நெடுநாள் நீடித்தது.

1998-இல் குரூகர் பூங்காவிலிருந்து ஆறு மூத்த ஆண்யானைகள் அங்கே கொண்டுவரப்பட்டன. அதற்குள் பெரிய யானைகளை ஏற்றிச் செல்லும் வசதி வந்திருந்தது. இளையவற்றின் மதக் காலம் சுருங்கியது. காண்டாமிருகங்களைக் கொல்வதும் நின்றது. 2000-ஆம் ஆண்டில் இந்த வரலாறு அறிவியல் இதழில் வெளியானபோது உலகமே வியந்தது. மேடிசனில் ஒடுங்கியவற்றை இளையவை மீட்டன. பிலான்ஸ்பர்க்கில் வெறிகொண்டவற்றை மூத்தவை அடக்கின.

ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், பிலான்ஸ்பர்க் யானைக் குடும்பங்களுக்கு வேறு யானைகளின் குரல்கள் ஒலிபரப்பப்பட்டன. கென்யாவின் அம்போசெலியில் குலையாத குடும்பங்களில் வாழும் யானைகள், அழைப்பது அறிந்த யானையா அயல் யானையா, மூத்ததா இளையதா என்று பிரித்தறிந்து அதற்கேற்ப நடந்தன. பிலான்ஸ்பர்க் யானைகளால் அவ்வாறு பிரித்தறிய இயலவில்லை. வெறி அடங்கிற்று, பாட்டியிடம் கற்றிருக்க வேண்டிய அறிவோ பல பத்தாண்டுகள் கடந்தும் திரும்பவில்லை.

விலை

ஹார்லோவைப் போற்றுவதா, பழிப்பதா? அவர் கண்ட உண்மைகள், ஸ்பிட்சும் ஜான் பௌல்பியும் கூறியவற்றிற்கு வலிமை சேர்த்தன. மருத்துவமனைகளில் தாய் உடனிருக்க வழி பிறந்ததிலும், குழந்தை இல்லங்களின் நடைமுறை மாறியதிலும் இவ்வாராய்ச்சிகளுக்குப் பங்குண்டு. அதே ஹார்லோ தம் பிற்காலத்தில், மனச்சோர்வை ஆராய்வதற்காகச் செங்குத்தான எஃகுச் சுவர்கள் கொண்ட ஒடுங்கிய கூண்டு ஒன்றைச் செய்து, அதனுள் குரங்குகளைத் தனியே அடைத்தார். நம்பிக்கையின்மையின் குழி என்று அதற்குப் பெயரும் வைத்தார். சில நாள்களில் அவை மூலையில் சுருண்டு அசையாமல் கிடந்தன. குரங்குக்கும் அன்பு வேண்டும் என்று உலகிற்கு அறிவித்த மனிதர், அந்த அறிவிப்பின் பொருளைத் தம் கூண்டுகளில் இருந்த உயிர்களுக்குப் பொருத்திப் பார்க்கவில்லை. குரங்கு நம்மைப் போல் துன்புறாது என்றால் அச்சோதனையால் நாம் கற்க ஒன்றுமில்லை. நம்மைப் போலவே துன்புறும் என்றால் அச்சோதனையை எவ்வாறு செய்தோம்? இக்கேள்வியிலிருந்து அவரும் தப்ப இயலாது; அவருடைய முடிவுகளால் பயனடைந்த நாமும் தப்ப இயலாது.

1978-இல் இந்திய அரசு ரீசஸ் குரங்குகளின் ஏற்றுமதியைத் தடை செய்தது. 1981-இல் ஹார்லோ மறைந்தார். 1985-இல் அமெரிக்கா தன் விலங்கு நலச் சட்டத்தைத் திருத்தி, ஆய்வகக் குரங்குகளின் மனநலத்திற்கு ஏற்ற சூழலும் அமைத்துத் தர வேண்டும் என்று விதித்தது. கூண்டில் உணவும் நீரும் இருந்தால் போதும் என்னும் எண்ணம் சட்டத்திலேயே தோற்றது. அந்தத் தோல்விக்கு, துணியைப் பற்றிக்கொண்டு அலறிய மேடிசன் குட்டிகளும் சாட்சிகள்.

உணவு, உடை, தூய்மை, நல்ல பள்ளி ஆகியவற்றைக் குழந்தைக்குக் குறைவறக் கொடுத்துவிட்டோம் என்று நாம் நிறைவு கொள்ளும்போது, கம்பித் தாயின் மார்பிலும் பால் இருந்தது என்பதை நினைவில் கொள்ளலாம். யாரிடமும் ஒட்டாத, எவரையும் கடிக்கவே துணியும் ஓர் இளைஞனைக் கண்டு, இவன் இனித் திருந்தான் என்று தீர்ப்பெழுத முற்படும்போது, மூலையில் ஒடுங்கிக் கிடந்த அந்த நான்கு குட்டிகளையும், அவற்றின் முதுகில் ஒட்டிக்கொண்ட மூன்று மாதக் குட்டிகளையும் நினைக்கலாம். தொட்டில் பழக்கம் நெடுந்தூரம் வரும்; ஆயினும் இடையில் யாரேனும் வந்து பற்றிக்கொண்டால் சுடுகாடு மட்டும் வந்தே தீர வேண்டும் என்பதில்லை.